மென்பொருள் பதிவுகளில் மர அமைப்பு

1985-ஆம் ஆண்டில் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் பெங்களூரில் வடிவமைப்பு நிலையமொன்றை நிறுவியது. அதன் பின்னர் அந்நகரம் மென்பொருள் தொழிலின் பெருங்கேந்திரமாக வளர்ந்தது. அங்குள்ள பொறியியலாளரும் கடல் கடந்த நாடுகளில் உள்ளோரும் ஒரே நிரல் தொகுதியை ஒரே காலத்தில் திருத்துங்கால், ஒருவர் உழைப்பை மற்றொருவர் திருத்தம் அழித்துவிடலாகாது. பிழை நேரின் முந்தைய நிலைக்கு மீளவும் இயலவேண்டும். இத்தேவைக்கெனப் பெருவழக்காகப் பயன்படும் கருவி, லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ஆம் ஆண்டு ஏப்ரலில் ஆக்கிய 'கிட்' ஆகும்.

ஒவ்வொரு கோப்பின் உள்ளடக்கத்தினின்றும் கணித முறையால் 40 குறிகள் கொண்ட அடையாளமொன்றைக் கிட் பெறுகிறது. ஓரெழுத்து மாறினும் அடையாளம் வேறாகிவிடும். ஒரு கோப்புறையிலுள்ள கோப்புகளின் பெயர்களையும் அடையாளங்களையும் கொண்ட பட்டியல் 'மரம்' எனப்படும். அப்பட்டியலுக்கும் ஓர் அடையாளம் உண்டு; அது மேற்கோப்புறையின் பட்டியலில் இடம்பெறும். இங்ஙனம் இலையிலிருந்து வேர்வரை சென்றால், வேரின் அடையாளம் ஒன்றே தொகுதி முழுவதற்கும் முத்திரையாகிறது.

லினக்ஸ் கருநிரலில் 60,000-க்கு மேற்பட்ட கோப்புகள் உள்ளன. ஒரு கோப்பு மாறியதற்காக எல்லா மரங்களையும் புதிதாகக் கணித்தல் வீணாகும். ஆகவே கிட், முன்னர்க் கணித்த மரங்களின் அடையாளங்களைத் தன் அட்டவணையில் சேமித்து வைக்கிறது. திருத்தப்பட்ட கோப்பு அட்டவணையில் சேர்க்கப்பட்டதும், அதன் கோப்புறை முதல் வேர்வரையுள்ள அடையாளங்கள் மட்டும் செல்லாதவையாகக் குறிக்கப்படும். அடுத்த பதிவின்போது அவை மட்டுமே மீண்டும் கணிக்கப்படும். ஒரு கிராமத்தின் கணக்கு மாறினால், அக்கிராமம், அதன் வட்டம், மாவட்டம் ஆகியவற்றின் மொத்தங்களை மட்டும் திருத்தினால் போதும். ஏனைய வட்டங்களின் மொத்தங்கள் அப்படியே நிற்கும். இதுவும் அத்தகையதே.

சேமிப்பினால் காலம் மிச்சமாகிறது. ஆயினும் அதில் அபாயமும் உண்டு. செல்லாததைக் குறிக்கத் தவறினால், பழைய மரமே புதியதெனப் பதிவாகி, திருத்தம் ஓசையின்றி விடுபட்டுப்போகும். ஆதலின், கோப்பைச் சேர்த்தாலும் நீக்கினாலும், வேர்வரையுள்ள குறிகளை அழித்தல் இன்றியமையாத விதியாகும்.

அடையாளம் கணிக்கும் முறையும் குறையற்றதன்று. வெவ்வேறான இரு கோப்புகளுக்கு ஒரே அடையாளம் அமையக்கூடும் என்பதை, 2017-ஆம் ஆண்டில் கூகுள் நிறுவனத்தாரும் ஆம்ஸ்டர்டாம் கணித ஆராய்ச்சி நிலையத்தாரும் செய்து காட்டினர். அவ்வாண்டிலேயே அத்தகைய மோசடியைக் கண்டறியும் ஏற்பாடு கிட்டில் சேர்க்கப்பட்டது. 64 குறிகள் கொண்ட வலிய அடையாளமும் 2020-ஆம் ஆண்டில் சோதனை நிலையில் இடம்பெற்றது. தொலைவிலுள்ளோர் ஒருவரையொருவர் காணாமலே ஒரே தொகுதியில் உழைக்கும் நம்பிக்கை, இவ்வடையாளத்தின் உறுதியையே பொறுத்துள்ளது.