பாடசாலைப் படலையைத் தாண்டிய பின்

கிராமங்களுக்குச் செல்லும்போது பெற்றோர் சிலர் எம்மைத் தனியே அழைத்துக் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: "எங்களுக்குப் பிறகு இந்தப் பிள்ளையை ஆர் பாக்கிறது?" பார்வையோ, கேட்கும் திறனோ, நடக்கும் வலுவோ, விரைவில் விளங்கும் ஆற்றலோ குறைந்த பிள்ளையைப் பெற்றவர்களின் கேள்வி இது.

காணியை விட்டு வந்த குடும்பங்களுக்கு இக்கேள்வி இன்னும் பாரமானது. சொந்தத் தோட்டம் இருந்தபோது அப்பிள்ளைக்கும் ஒரு வேலை இருந்தது. மாட்டுக்குத் தண்ணீர் வைத்தது, வெங்காயத்தைப் பிடியாகக் கட்டியது, மிளகாய் காயவைத்தது. இன்றைய வளவில் அவை இல்லை. பாடசாலை முடிந்ததும் பிள்ளை வீட்டு மூலையில் அமர்ந்துவிடுகிறது. அன்பினால்தான் நாமும் அதை அங்கே இருத்திவிடுகிறோம்.

பாடசாலையை விட்ட பின் வழி தேடுவது காலந்தாழ்த்திய முயற்சி. ஆசிரியரின் துணை இருக்கும்போதே, 14 வயதளவில் தொடங்க வேண்டும். செய்யக்கூடியவை நான்கு.

முதலாவது, பிள்ளையைக் கவனியுங்கள். இயலாததை எல்லோரும் அறிவர். இயலுவதைக் கொப்பி ஒன்றில் எழுதுங்கள். எதைச் சொல்லாமலே செய்கிறது? எவ்வளவு நேரம் களைக்காமல் இருக்கிறது? இதை ஆசிரியருடனும் பிள்ளையுடனும் பேசுங்கள். பிள்ளையின் விருப்பத்தைக் கேளாது தொழில் தெரிவு செய்ய வேண்டாம்.

இரண்டாவது, வேலையைச் சிறு படிகளாகப் பிரியுங்கள். நாற்றுமேடை வேலையை எடுத்துக்கொள்வோம். மண் அரித்தல், எருக் கலத்தல், பையில் நிரப்புதல், விதை ஊன்றல், நீர் தெளித்தல் என அது ஐந்து வேலைகள். மெதுவாக விளங்கும் பிள்ளைக்கு ஒன்றை மட்டும் முதலில் பழக்குங்கள். அளவைச் சொல்லால் அல்ல, பேணியால் காட்டுங்கள்: இரண்டு பேணி மண், ஒரு பேணி மணல், ஒரு பேணி எரு. அது கைவந்த பின் அடுத்தது. சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு நாற்றுப் பைகளை மேசை உயரத்தில் அடுக்கினால் போதும். பல வேளைகளில் மாற்ற வேண்டியது பிள்ளையை அல்ல, வேலை செய்யும் இடத்தையே.

மூன்றாவது, வெளியே பழக்குங்கள். பஸ்ஸில் போய்வரவும், காசு எண்ணவும், நேரத்துக்குப் புறப்படவும் தெரியாவிட்டால் கற்ற தொழிலும் பயன்படாது. தையற்கடை, சைக்கிள் திருத்துமிடம், தச்சுப்பட்டறை போன்ற ஓரிடத்தில் கிழமையில் ஒரு நாள் பழக ஒழுங்கு செய்யுங்கள். முதலாளியிடம் பிள்ளையின் குறையையும் திறமையையும் மறைக்காமற் சொல்லுங்கள். தொடக்கத்தில் ஒருவர் கூட நின்று, பின் சிறிது சிறிதாக விலகட்டும். பழகும் காலம் எவ்வளவு, அதன் பின் கூலி எவ்வளவு என்பதை முன்னரே பேசி முடியுங்கள். "பாவம், சும்மா இருக்காமல் வந்து நிற்கட்டும்" என்று கூலியின்றி வேலை வாங்குவது உதவியன்று.

நான்காவது, பத்திரங்களைச் சேருங்கள். இடப்பெயர்வில் தொலைந்த பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் கேளுங்கள். தேசிய அடையாள அட்டை, பாடசாலை விடுகைப் பத்திரம், மருத்துவ அறிக்கை ஆகியவையும் வேண்டும். அதே செயலகத்தின் சமூக சேவைகள் உத்தியோகத்தரிடம் தொழிற்பயிற்சி பற்றி விசாரியுங்கள். பரீட்சை சித்தியடையாதவரும், வேலையில் பெற்ற திறனைச் செய்து காட்டி, தேசிய தொழில்தகைமைச் சான்றிதழுக்கு மதிப்பிடப்படலாம்.

சட்டமும் எமது பக்கம் உண்டு. 1988 ஆம் ஆண்டின் அரச சுற்றறிக்கை ஒன்று, தகைமையுள்ள வலுவிழந்தோருக்கு அரச துறை வெற்றிடங்களில் 3 வீதத்தை ஒதுக்கும்படி கூறியது. 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், வலுவிழப்பைக் காரணங்காட்டி வேலைக்கோ கல்வி நிறுவனத்துக்கோ சேர்ப்பதில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. வலுவிழந்தோரின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகளின் சமவாயத்தை 2016 இல் இலங்கை ஏற்று உறுதி செய்தது. சட்டம் தானாக வீடு தேடி வராது; கேட்பவருக்கே அது பயன்படும்.

எல்லாப் பிள்ளைகளும் தனித்து வாழும் நிலையை அடைவர் என்று நாம் சொல்லவில்லை. சிலருக்கு வாழ்நாள் முழுவதும் துணை வேண்டும். ஆயினும் நாளுக்கு இருபது பை நிரப்பும் பிள்ளையை அயலவர் பெயர் சொல்லி அழைப்பர். ஒரு நாள் வராவிட்டால் தேடுவர். பெற்றோருக்குப் பின் பிள்ளையைப் பார்க்கும் கண்கள் இவ்வாறே பெருகுகின்றன.

இந்தக் கிழமையே வீட்டில் ஒரு வேலையைத் தெரிந்து, அதைப் பிள்ளையின் பொறுப்பில் விடுங்கள். அது பிழையாகச் செய்தாலும் கையிலிருந்து பறிக்காதீர்கள்.