சக்கர நாற்காலியிலிருந்தும் சுவரோவியம் வரையலாம்

சாரத்திலிருந்து விழுந்து தண்டுவடத்தில் அடிபட்ட ஓவியரிடம் ஊரே சொல்வது, “இனிமேல் உட்கார்ந்து செய்கிற வேலையாகப் பாருப்பா” என்பதுதான். சுவரோவியத்தையே உட்கார்ந்தும் செய்யலாம். வேலை நடக்கும் முறை மாற வேண்டும். அந்த மாற்றத்தைக் கேட்டுப் பெறச் சட்டத்திலும் இடமிருக்கிறது.

கவனிக்க வேண்டியவை

முதல் ஆபத்து வெயில். தண்டுவடத்தில் மார்புக்கு மேலே அடிபட்டவர்களுக்கு அதற்குக் கீழே வியர்வை சரியாகச் சுரக்காது. உடல் சூடேறுவது தெரியாமலே மயக்கம் வந்துவிடும். வெயில் ஏறுமுன் வேலையை முடித்துவிடுங்கள். முகத்திலும் கையிலும் அடித்துக்கொள்ளத் தண்ணீர் ஸ்பிரே பக்கத்திலேயே இருக்கட்டும்.

உணர்ச்சியற்ற இடத்தில் புண் வந்தாலும் வலிக்காது. எனவே 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை முன்னாலும் பக்கவாட்டிலும் சாய்ந்து எடையை மாற்றி உட்காருங்கள். நாற்காலியைத் தள்ளுவதும் பிரஷ் பிடிப்பதும் ஒரே தோள்தான்; அதற்கு அதிகச் சுமை கொடுக்காதீர்கள். உயரத்தில் வண்ணம் நிரப்ப நீளக் கம்பி மாட்டிய ரோலர் போதும்; நுணுக்க வேலைக்கு இன்னொரு வழி உண்டு. மெல்லிய, நெய்யாத துணியில் வீட்டு நிழலிலேயே பகுதி பகுதியாக வரைந்து, உதவியாளர்களைக் கொண்டு அக்ரிலிக் பசையால் சுவரில் ஒட்டலாம். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் பெரிய சுவர்கள் பல இப்படித்தான் உருவாயின.

உரிமை

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, பாகுபாட்டைத் தடை செய்கிறது. அளவுக்கு மீறிய சுமையாகாத, தேவையான மாற்றங்களைச் செய்து தருவதையும் அது வலியுறுத்துகிறது. மாற்றுத்திறனாளிக் கலைஞர்களுக்கு வசதியும் ஆதரவும் அளிக்க அரசும் உள்ளாட்சிகளும் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது 29-ஆம் பிரிவு. மாநகராட்சிச் சுவருக்கு ஓவியர்களை அழைத்தால் இதைச் சுட்டிக்காட்டியே மனு கொடுக்கலாம்.

ஒப்பந்தத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சதுர அடிக் கணக்கில் மட்டும் கூலி பேசினால், உதவியாளர் சம்பளமும் கூடுதல் நாட்களும் உங்கள் தலையில் விழும். சாய்தளம், கழிப்பறை, நிழல், உதவியாளர் கூலி, வேலை நேரம் எல்லாவற்றையும் விலைப்புள்ளியிலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

தீர்வு

40 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்பு இருந்தால் யுடிஐடி என்ற மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அடையாள அட்டை முதல் தேவை; அரசின் பல சலுகைகளுக்கு அதுவே திறவுகோல். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். பெயின்டர்கள் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்திலும் பதிவு செய்யலாம். வேலையிடத்தில் விபத்து நடந்திருந்தால் மருத்துவமனைச் சீட்டு, புகைப்படம், உடன் வேலை பார்த்தவர்களின் பெயர் ஆகியவற்றைத் திரட்டி, தாமதிக்காமல் தொழிலாளர் துறையில் இழப்பீடு கேளுங்கள்.

ஊனத்தைக் காரணம் காட்டி வேலை மறுத்தால், அந்தப் பதிலை எழுத்தில் கேளுங்கள். வாட்ஸ்அப் செய்தியையும் அழிக்காதீர்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் புகார் செய்யலாம். சட்டத்தை மீறுவோருக்கு முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. மாற்றுத்திறனாளிகளுக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி கிடைக்கும்; அழைக்க வேண்டிய எண் 15100.