ஒரே டிக்... வாட்ஸ்அப்பில் பிளாக் பண்ணிட்டாங்களா?

'மெசேஜ் போட்டு ரெண்டு நாளாச்சு, இன்னும் ஒரே டிக்தான்... பிளாக் பண்ணிட்டாங்களோ?' மயிலாப்பூர் முதல் அடையாறு வரை பலருக்கும் வரும் சந்தேகம் இது.

லாஸ்ட் சீன் தெரியாது, புதிய புரொஃபைல் படம் வராது, இரண்டாவது டிக் விழாது, வாட்ஸ்அப் அழைப்பும் போய்ச் சேராது. நான்கும் சேர்ந்திருந்தால் பிளாக் செய்திருக்க வாய்ப்புண்டு. ஆனால் உறுதியில்லை. பிளாக் செய்தவரின் பாதுகாப்புக்காக வாட்ஸ்அப் வேண்டுமென்றே இதைத் தெளிவாகக் காட்டுவதில்லை.

எதிர்முனையில் நெட் இல்லாவிட்டாலும் ஒரு டிக்தான். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் செல்போன் சேவை முடங்கியபோது உறவினர்களைத் தொடர்புகொள்ள முடியாமல் பலர் தவித்தனர். அவசரம் என்றால் ஒருமுறை சாதாரண அழைப்பில் கூப்பிட்டுப் பாருங்கள்.

அதையும் எடுக்கவில்லையா? விட்டுவிடுங்கள், வேறு எண்ணிலிருந்து துரத்த வேண்டாம். விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பெண்ணைத் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வது பாரதிய நியாய சன்ஹிதா 78-வது பிரிவின்படி குற்றம்.