காற்றின் மேல் சவாரி

சைக்கிளில் நாலு மைல் சென்று இறங்கியதும் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்கள் பலர். நாமும் அவ்வாறு நின்றவரே. பள்ளிக்கூடத்துக்குப் போகும் கப்பிக்கல் ரஸ்தாவை நொந்துகொண்டோம். நாற்பதைத் தாண்டிய வயதை நொந்துகொண்டோம். சைக்கிளை விற்றுவிடலாம் என்றுகூட எண்ணினோம். கடைசியில் பார்த்தால், குற்றம் வாரந்தோறும் டயரைக் கருங்கல்லாக்கும் வரையில் பம்பு அடித்த நமது கையில்தான் இருந்தது!

இறுகிய டயர்தான் வேகமாக ஓடும் என்பது பலருடைய நம்பிக்கை. வழவழப்பான தளத்தில் அது சரியே. கரடுமுரடான பாதையிலோ, அது ஒவ்வொரு கல்லின்மேலும் வண்டியையும் ஆளையும் சேர்த்துத் தூக்கிப் போடுகிறது. நாம் மிதிக்கும் பலத்தில் ஒரு பகுதி இந்தக் குலுக்கலில் வீணாகிறது. சற்று இளகிய டயர் கல்லைத் தன்னுள் அமிழ்த்திக்கொண்டு, ஆளை அசைக்காமல் அப்பால் செல்கிறது.

காற்று டயருக்கு 1845-ஆம் ஆண்டிலேயே ராபர்ட் வில்லியம் தாம்ஸன் உரிமை பெற்றிருந்தார். ஆயினும் அது வழக்கத்துக்கு வரவில்லை. 1888-இல் பெல்பாஸ்ட் நகரத்து மிருக வைத்தியர் ஜான் பாய்ட் டன்லப், தம் சிறு பையனின் மூன்று சக்கர வண்டிக்காக ரப்பர்க் குழாயில் காற்றடைத்துச் சக்கரத்தில் பொருத்தினார். மறு வருஷமே வில்லி ஹியூம் என்பவர் அத்தகைய டயருடன் பந்தயங்களில் ஜயித்தார். சௌகரியத்தை நாடிய இடத்தில் வேகமும் கூடவே வந்தது.

காற்று எவ்வளவு வேண்டும்? வீட்டிலேயே அளந்து பார்க்கலாம். தரையிலிருந்து ரிம்மின் விளிம்பு வரையில் பின் டயரின் உயரத்தை அடிக்கோலால் அளந்துகொள்ள வேண்டும். சுவரைப் பிடித்தவாறு ஒருவர் ஏறி உட்கார்ந்ததும், மற்றொருவர் மீண்டும் அளக்கவேண்டும். 35 மில்லிமீட்டர் உயரம் சுமார் 5 மில்லிமீட்டர் குறைந்தால் போதும். பாரம் பெரும்பாலும் பின்னால் விழுவதால், முன் டயருக்குக் காற்றுச் சற்றுக் குறைவாகவே இருக்கலாம். ஆனால் அளவுக்கு மீறிக் குறைத்தால், பள்ளத்தில் இறங்கும்போது டியூப் ரிம்மின் கீழ் நசுங்கி இரட்டைத் துளை விழும். டயரின் பக்கத்தில் அச்சிட்ட வரம்பையும் மீறலாகாது.

டயரைச் சரிப்படுத்திய பிறகே, பின்புறம் ஸ்பிரிங் அமைந்த வண்டியில் அந்த ஸ்பிரிங்கைத் தொடவேண்டும். சிறு கற்கள் டயரின் பொறுப்பு. பெரும் பள்ளங்களே ஸ்பிரிங்கின் பொறுப்பு. ஆள் உட்கார்ந்ததும் அது தன் முழு ஓட்டத்தில் நாலில் ஒரு பங்கு, அல்லது சிறிது கூடுதலாக, அமுங்கவேண்டும். குறைவாக அமுங்கினால் காற்று ஸ்பிரிங்கில் காற்றைக் குறைக்கலாம். சுருள் ஸ்பிரிங்கில் திருகு வளையத்தைத் தளர்த்தலாம். மேட்டிலிருந்து இறங்கியதும் வண்டி பலமுறை துள்ளுமானால், மீளும் வேகத்தை அடக்கும் திருகைச் சிறிது இறுக்கவேண்டும்.

நாம் சைக்கிளை விற்கவில்லை. மாலையில் குழந்தையைக் கேரியரில் ஏற்றிக்கொண்டு அதே ரஸ்தாவில் வீடு திரும்புகிறோம். ஞாயிறுதோறும் அடிக்கோலை எடுத்து வருவது குழந்தையின் வேலை.