பதிவேடு காட்டும் பாட்டனார்

தந்தையின் பெயரை யாவரும் அறிவர். பாட்டனின் பெயரையும் பலர் அறிவர். பூட்டனின் பெயரைக் கேட்டால் விடை கூறுவோர் சிலரே. ஓட்டனைப் பற்றி வினவினாலோ வாய் திறப்பார் அரியர். பிறந்த ஊரை விட்டு நீங்காத குடும்பங்களின் நிலையே இதுவாயின், கடல் கடந்து சென்றோரின் வழிவந்தவர்கள் தம் முன்னோரை அறிவது எங்ஙனம்? அதற்கும் வழி உண்டு என்பதைத் தென்னாப்பிரிக்கத் தமிழரின் வரலாறு காட்டுகின்றது.

அந்நாட்டின் கீழைக் கரையிலுள்ள நேட்டால் பகுதியில் கரும்புத் தோட்டம் வைத்த ஆங்கிலேயர், வேலைக்கு இந்தியாவிலிருந்து ஆட்களை வரவழைத்தனர். சென்னையிலிருந்து 342 பேரை ஏற்றிச் சென்ற ‘ட்ரூரோ’ என்னும் முதற் கப்பல், 1860ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 16ஆம் நாள் டர்பன் துறையை அடைந்தது. 1911ஆம் ஆண்டு வரை ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இவ்வாறு சென்றனர். ஐந்தாண்டு உழைப்பதாக ஒப்பந்தம். முதலாண்டுக் கூலி திங்களுக்குப் பத்து ஷில்லிங்.

வந்திறங்கிய ஒவ்வொருவருக்கும் ஓர் எண் இடப்பட்டது. அவ்வெண்ணுக்கு நேரே பெயர், தந்தை பெயர், அகவை, சாதி, மாவட்டம், தாலுகா, ஊர் ஆகியனவும், மச்சம், தழும்பு முதலிய உடற்குறிகளும் எழுதப்பட்டன. ஆட்களைக் கணக்கில் வைப்பதற்கும், இன்னார் என அடையாளங் காண்பதற்குமே அவ்வேடுகள் எழுந்தன. பேரர்கள் படிக்கவேண்டும் என்று எவரும் அவற்றை எழுதவில்லை.

பாட்டனாரைத் தேடுவோர் முதலில் வீட்டிலுள்ள முதியோரைக் கேட்டல் வேண்டும். அடுத்துப் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றுக்குரிய பத்திரங்களைத் திரட்டல் வேண்டும். இறப்பு அறிவிப்பில் இறந்தவருடைய பெற்றோர், மக்கள் ஆகியோரின் பெயர்களும் காணப்படும். பழைய பத்திரம் ஒன்றில் அந்த எண் அகப்பட்டுவிட்டால், அதனைக்கொண்டு கப்பற் பதிவேட்டில் உரிய வரியை எளிதிற் காணலாம்.

எண் கிடைக்காதவழித் தேடல் அரிதாகும். இராமசாமி என்னும் பெயருடையார் பலர் இருப்பர். அவருள் தம் முன்னோர் யாவர் என்பதைத் தந்தை பெயர், அகவை, ஊர் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டே துணிதல் வேண்டும். பெயர் ஒன்றை மட்டும் நம்பினால் பிறர் பாட்டனைத் தம் பாட்டனாகக் கொள்ள நேரும். தமிழ்ச் சொற்களை எழுத்தர்கள் ஆங்கில எழுத்தில் எழுதியமையால் அவை உருத் திரிந்தன. முதலியார் என்பது ‘மூட்லி’ ஆயிற்று. ஊர்ப் பெயர்களும் இவ்வாறே சிதைந்தன. மாவட்டங்களின் எல்லையும் மாறியுள்ளது. ‘வட ஆர்க்காடு’ என்று கண்டவர் வேலூரையும் திருவண்ணாமலையையும் மட்டும் ஆராய்தல் போதாது; இன்று ஆந்திரத்திலுள்ள சித்தூரும் 1911ஆம் ஆண்டுக்கு முன் அம்மாவட்டத்தைச் சார்ந்ததே.

இத்தனை தடைகளையும் கடந்து ஒரு வரியைக் கண்டவர் பெறுவது யாது? இருபது அகவை இளைஞன் ஒருவன். அவன் தந்தையின் பெயர். அவன் பிரிந்து சென்ற சிற்றூர். அவன் நெற்றியிலிருந்த ஒரு தழும்பு. அவன் எதற்காக ஊரை விட்டான், யாரை எண்ணி ஏங்கினான் என்பவற்றை ஏடு கூறாது. ஆயினும், பெயரும் அறியப்படாதிருந்த ஒருவன் முகம் பெற்று முன்னே நிற்கின்றான். மனிதனைக் கணக்கிலடக்க இட்ட எண்ணே, அவனைத் தன் குடும்பத்தாரிடம் மீளச் சேர்க்கும் கயிறாக அமைந்தது.

அயலார் எழுதிவைத்த ஒரு வரியே இத்துணைப் பயன் தருமாயின், வீட்டார் தாமே எழுதிவைப்பது எத்துணைப் பயன் தரும்! பாட்டியார் உயிரோடிருக்கும்போதே அவர்தம் பெற்றோர் பெயரையும், பிறந்த ஊரையும், கடந்துவந்த வாழ்வையும் கேட்டு ஓர் ஏட்டில் எழுதிவைத்தல் இளையோர் கடமையாகும்.