யானைக் கலமும் இரண்டு அரசுகளும்

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் 12ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. மொழி தமிழ், வெட்டுவித்தவன் பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு (1153–1186). கோயிலுக்கு நிலம் விட்ட செய்தியல்ல அது. கடலில் கலம் உடைந்தால் யாருக்கு எவ்வளவு என்ற சட்டம். ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வருகிற பிறநாட்டு வணிகருக்குக் காவல் தரவேண்டும். யானையும் குதிரையும் ஏற்றிவந்த கலம் கெட்டால் கால்பங்கு மட்டும் பண்டாரத்துக்கு, முக்கால்பங்கு உடையவனுக்கு. வேறு சரக்கு என்றால் பாதிக்குப் பாதி.

விலங்கு ஏற்றியவனுக்கு ஏன் இந்தச் சலுகை? அரசனுக்கு அவன் வேண்டும், அவ்வளவுதான். காடெல்லாம் யானை திரிந்த நாட்டுக்கு வெளியிலிருந்தும் யானை வந்தது என்பது வேடிக்கைதான். ஆனால் இதே பராக்கிரமபாகு பர்மாமீது படை அனுப்பிய காரணங்களில் ஒன்று, பர்மிய மன்னன் யானை விற்பனையில் கைவைத்தது என்று சூளவம்சம் சொல்கிறது.

இந்தச் சட்டம் ஊர்காவற்றுறைக்கு ஏன் வந்தது என்பதைக் கடல்தான் விளக்கும். நெடுந்தீவு, ஊர்காவற்றுறை அடங்கிய யாழ்ப்பாணத் தீவுக்கூட்டத்தில் தென்மேற்கே தள்ளி, பாக்கு நீரிணைக்குள் தனியாகக் கிடக்கிறது. ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர் சுண்ணக்கல் தட்டு, அக்கரையில் இராமேசுவரம். நடுவில் உள்ள கடல் பெரும்பாலும் 15 மீற்றர் ஆழம்கூட இல்லாதது. இராமர் அணைப் பக்கம் அதுவும் இல்லை. ஆழம் தேடும் பெரிய கப்பல் இலங்கையைத் தெற்கே சுற்றித்தான் கிழக்கே போகவேண்டும். அடி பரந்த சிறு கலங்களுக்குப் பாம்பன் பக்கமும் மன்னார் பக்கமும் இரண்டு வாசல்கள் உண்டு. அந்த வாசல்களையும் தீவுகளுக்கு இடைப்பட்ட கால்வாய்களையும் வைத்திருப்பவன் சுங்கத்தையும் வைத்திருப்பான்.

யானைக்கு இந்த வழி இன்னும் பொருத்தம். வளர்ந்த யானை மூன்று நான்கு தொன் எடை. நாளுக்கு நூறு கிலோவுக்கு மேல் தீனும் நூறு லீற்றருக்கு மேல் தண்ணீரும் கேட்கும். அதைக் கடலில் வைத்திருக்கும் ஒவ்வொரு நாளும் நட்டம். ஆகவே வன்னிக் காட்டில் பிடித்ததை ஆழமில்லாத ஆனையிறவுக் கடலேரி வழியே நடத்திக் கொண்டுவந்து, கடல் மிகக் குறுகிய இடத்தில் ஏற்றுவதே புத்தி. யானையே வாழாத சுண்ணக்கல் நிலம் யானைத் துறைமுகமானது இப்படித்தான்.

1215இல் கலிங்க மாகன் பொலன்னறுவையைப் பிடித்தபின் அந்தப் பேரரசு உடைந்தது. தெற்கே தம்பதெனியா எழுந்தது. வடக்கே, பாண்டியர் கை ஓங்கியிருந்த அதே நூற்றாண்டில், ஆரியச்சக்கரவர்த்திகள் வந்தார்கள். அலெக்சாந்தர் கி.மு. 323இல் இறந்தபின் தளபதிகள் ஆளுக்கொரு துண்டு எடுத்தார்களே, அந்த மாதிரியான வாரிசு அரசுதான் யாழ்ப்பாணமும். ஆரியச்சக்கரவர்த்திகள் தங்களைச் சேதுகாவலர், அதாவது இராமர் அணையின் காவலர், என்றார்கள். காசில் நந்தியைப் படுக்கவைத்து, கீழே ‘சேது’ என்று பொறித்தார்கள். கடல்வாசலைக் காசிலேயே அடித்து வைத்த அரசு! 1344இல் வந்த இபின் பதூதா இவர்களில் ஒருவரைச் சந்தித்தார். முத்தையும் யெமனுக்குப் புறப்பட்ட அந்த மன்னருடைய கப்பல்களையும் பார்த்து வியந்து எழுதியிருக்கிறார்.

அந்தக் கிரேக்கத் தளபதிகளில் செலியூக்கசுக்கும் யானைதான் கைகொடுத்தது. சந்திரகுப்த மௌரியரோடு சமாதானமாகி, இந்திய எல்லை நிலங்களை விட்டுக்கொடுத்து, 500 யானைகளை வாங்கினார். கி.மு. 301இல் இப்சஸ் போரில் அந்த யானைச் சுவர் எதிரிக் குதிரைப்படையை மீண்டும் களத்துக்குள் வரவிடவில்லை. எதிரணித் தலைவரான கிழட்டு அந்திகோனஸ் அங்கேயே மாண்டார். இலங்கை யானை இந்திய யானையைவிடப் பெரியது, போருக்கு வல்லது என்ற செய்தியும் அப்போதே கிரேக்கருக்குத் தெரியும்; சொன்னவர் அலெக்சாந்தரின் மாலுமி ஒனேசிகிரித்தஸ்.

செலியூக்க அரசு சாய்ந்த விதம்தான் என்னை யாழ்ப்பாணத்தை மறுபடி பார்க்கவைத்தது. கி.மு. 188இல் அபாமியா உடன்படிக்கையில் உரோமர் கேட்டவை: 15,000 தாலந்து, யானைகள், பத்துப் போர்க்கப்பல் தவிர மற்றக் கப்பல்கள். அரசன் அரசனாகவே இருந்தான். ஆனாலும் ஒளித்து வளர்த்த யானைகளைக் கி.மு. 162இல் உரோமத் தூதன் வந்து கால்நரம்பை அறுக்கச் செய்தான். ஊர் கொதித்தது, தூதன் கொல்லப்பட்டான். கடைசித் துண்டை உரோமத் தளபதி பொம்பே முடித்தது கி.மு. 63இல்.

யாழ்ப்பாணத்தில் அந்த வேலையைச் செய்தவர்கள் போர்த்துக்கேயர். மன்னன் முதலாம் சங்கிலி காலத்தில், 1560இல், கோவாவின் அரசப் பிரதிநிதி கொன்ஸ்தந்தீனு த பிரகன்சா தலைநகர் நல்லூரைக் கொள்ளையிட்டார். குடிகள் கிளர்ந்ததால் அங்கே நிலைக்க முடியவில்லை. ஆனால் திரும்பும்போது மன்னாரைப் பிடித்துக் கோட்டை கட்டினார். வாசல்களில் ஒன்று போயிற்று. யானையும் திறையாகப் போகத் தொடங்கியது. 1591இல் வந்த அந்திரே பூர்த்தாடோ மன்னனைக் கொன்று, எதிர்மன்னசிங்கத்தை அரியணையில் வைத்தார். 1619இல் பிலிப்பு த ஒலிவேரா இரண்டாம் சங்கிலியைச் சிறைபிடித்தார். கோவாவில் 1623இல் அவருக்கு மரணதண்டனை கொடுத்தார்கள். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவே தண்ணீரில் நிற்கும் கடற்கோட்டையும் போர்த்துக்கேயர் தொடங்கியதே. கால்வாய்க்குப் பூட்டு.

குதிரையை வாங்கியே காலம் கழித்த அரசு போனபிறகு, நெடுந்தீவில் குதிரை பெருகியது. போர்த்துக்கேயர் இறக்கினார்கள் என்பார்கள். ஒல்லாந்தர் அங்கே வளர்த்தார்கள், தீவுக்கு டெல்ப்ட் என்று தங்கள் ஊரின் பெயரையும் வைத்தார்கள். ஆங்கிலேயர் கைவிட்டபின் அவை காட்டுக்குதிரையாகின. இன்று குறிகட்டுவானில் படகேறிப் போகிறவர்கள் தெற்கு வெளிகளில் பார்ப்பது அந்தக் கட்டைக்குதிரைகளின் வம்சத்தை.

பாடப்புத்தகம் யாழ்ப்பாண அரசின் முடிவை 1619 என்று போடுகிறது. நான் போடுவதானால் 1560, மன்னார் போன ஆண்டு. மீதி 59 வருடமும் நல்லூரில் மன்னர் இருந்தார்கள், கடல் அவர்களுடையதாக இல்லை. 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தருக்கு இது நன்றாகவே புரிந்திருந்தது: வன்னி யானைகளை இந்திய வணிகருக்கு விற்று ஏற்றும் வேலையை அவர்கள் ஒருநாளும் விடவில்லை.