ரிச்சி ஸ்ட்ரீட் கொட்டேஷனும் கூரியர் பெட்டியும்

2008-ல் திருப்பதியிலோ சித்தூரிலோ கேம் விளையாடுவதற்கென்று ஒரு கம்ப்யூட்டர் வேண்டுமென்றால், 40,000 ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டு சென்னைக்குக் கிளம்ப வேண்டும். திருப்பதிக்காரர்கள் காலையிலேயே ரயில் ஏறுவார்கள். சித்தூர்க்காரர்கள் காட்பாடி போய் ரயில் பிடிப்பார்கள். உள்ளூரிலும் கடைகள் இருந்தன. ஆனால் அவை டைப்பிங் சென்டருக்கும் ஆபீஸ் வேலைக்குமான பெட்டிகளைக் கட்டித் தருபவை. கிராபிக்ஸ் கார்டு கேட்டால், "மெட்ராஸ்லேர்ந்துதான் வரணும் தம்பி" என்பார்கள்.

அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி ஸ்ட்ரீட்டில் கடை கடையாக ஏறி கொட்டேஷன் வாங்குவது ஒரு பகல் வேலை. ஒரு கடையின் தாளை அடுத்த கடையில் காட்டினால் ஐம்பதோ நூறோ குறையும். பில்லோடு ஒரு விலை, பில் இல்லாமல் ஒரு விலை. பில் இல்லாமல் வாங்கியவருக்கு வாரண்டி என்பது கடைக்காரரின் வாய்ச்சொல் மட்டுமே. இன்று கொல்கத்தாவின் எம்டி கம்ப்யூட்டர்ஸ், மும்பையின் பிரைம்ஏபிஜிபி, சென்னையின் ஐடி டிப்போ என மூன்று ஊர் விலைகளும் வீட்டிலிருந்தபடியே போனில் தெரிகின்றன. 2017 ஜூலை 1 முதல் ஜிஎஸ்டி வந்து, பிராசஸருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் எந்த மாநிலத்தில் வாங்கினாலும் 18 சதவீதம்தான். மாநில எல்லைச் சோதனைச் சாவடியை நினைத்து பஸ்ஸில் மடியில் அட்டைப்பெட்டியோடு பதறி உட்கார்ந்திருக்கும் நிலையும் அத்தோடு முடிந்தது.

பணத்தின் கணக்கைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 2008 தொடக்கத்தில் ஒரு டாலர் 40 ரூபாயைச் சுற்றி இருந்தது. அன்றைய 40,000 ஏறக்குறைய ஆயிரம் டாலர். 2024-ல் டாலர் 83-ஐத் தாண்டிவிட்டது. நடுத்தரச் செலவு என்று அந்த ஆண்டு நாம் சொன்ன 60,000, எழுநூற்றுச் சொச்சம் டாலர்தான். சில்லுகளெல்லாம் டாலரில் விலை பேசப்படுபவை. ஆக, ரூபாயில் கூடியிருக்கும் செலவு உண்மையில் குறைந்திருக்கிறது. அன்று கிடைத்தது இரண்டு கோர் உள்ள கோர் 2 டுயோ, 2 ஜிபி ரேம், 512 எம்பி நினைவகம் கொண்ட 9600 ஜிடி கார்டு. 2024-ல் நான்கு கோர் உள்ள ஐ3-12100, 16 ஜிபி ரேம், 8 ஜிபி நினைவகம் கொண்ட ஆர்எக்ஸ் 6600. விளையாட்டுகளும் அதே வேகத்தில் பெருத்தன: ஜிடிஏ வைஸ் சிட்டிக்கு டிஸ்க்கில் 915 எம்பி இடம் போதும், ஜிடிஏ ஐந்தாம் பாகம் 72 ஜிபி கேட்டது.

இந்தக் கணக்கு நிலையானதும் அல்ல. 2021-ல் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயத்துக்காக மைனிங் செய்பவர்கள் கார்டுகளை அள்ளிக்கொண்டுபோய், கேம் விளையாடுகிறவர்களை இரட்டை விலை கொடுக்க வைத்தார்கள். 2022 செப்டம்பரில் எத்தீரியம் அந்த முறையைக் கைவிட்ட பிறகு மூச்சு வந்தது. 2025 கடைசியில் ஏஐ தரவு மையங்களின் பசியால் ரேம் விலை ஏறியது.

வேறொரு லாபமும் உண்டு, அதை அதிகம் பேர் எண்ணுவதில்லை. ஏஎம்டி 2003-ல் 754, 2004-ல் 939, 2006-ல் ஏஎம்2 என்று சாக்கெட்டை மாற்றிக்கொண்டே போனது. பிராசஸரை மாற்ற நினைத்தால் போர்டையும் தூக்கிப்போட வேண்டியிருந்தது. 2018-ல் வாங்கிய பி450 போர்டில் பயாஸை அப்டேட் செய்து, 2022-ல் வந்த ரைசன் 5600-ஐப் பொருத்தலாம். சிறுகச் சிறுகச் சேர்க்கும் வீட்டுக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை.

பெட்டியைக் கட்டும் கை வேலை பெரிதாக மாறவில்லை. இன்டெல் ஃபேனின் நான்கு பிளாஸ்டிக் ஊசிகளை மூலைக்கு மூலை எதிராக அழுத்த வேண்டும். போர்டு லேசாக வளையும். நான்கு முறை 'டிக்' கேட்க வேண்டும். அன்றும் அப்படித்தான், இன்றும் அப்படித்தான். அன்று டிவிடி ரைட்டரின் பட்டைக் கேபிள் காற்றை மறிக்கும். சித்திரை வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நம் ஊர்களில் பக்கக் கதவைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தோம். இப்போதைய கேபினெட்டுகளின் முகப்பே வலைதான். சூடு குறைகிறது, ஆனால் தூசு மாதாமாதம் துடைக்கும் அளவுக்குச் சேர்கிறது.

போனது அசெம்பிள் செய்து தந்த அண்ணன். எஸ்எம்பிஎஸ்ஸைக் கையில் தூக்கிப் பார்த்து, "எடையே இல்ல, 450 வாட்டுன்னு ஒட்டியிருக்கான்" என்று ஒதுக்கிவைத்தவர். கார்டு பழுதானால் சென்னைக்கு அவரே அனுப்பி, அது திரும்பும் வரை பழைய கார்டு ஒன்றை மாட்டிவிட்டுப் போனவர். அவர் படித்த படிப்பு இன்று தமிழிலும் தெலுங்கிலும் யூடியூபில் கிடைக்கிறது. பதினைந்து வயதுப் பிள்ளை பார்த்துக் கற்றுத் தானே கட்டிவிடுகிறான். ஆனால் கார்டு கெட்டால் அதைத் திருப்பி அனுப்பும் ஆர்எம்ஏ படிவமும் கூரியர் செலவும் காத்திருப்பும் அவன் தலையில். வாங்குவதற்குப் போக வேண்டாத சென்னைக்கு, பழுது பார்க்கப் பெட்டி இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறது.

அதனால் ஐ3-12100எஃப் மலிவாக இருக்கிறதே என்று அதை எடுக்க வருகிற தம்பிகளிடம், எஃப் இல்லாததையே எடுக்கச் சொல்கிறேன். சற்றுக் கூடுதலாகும், எஃப் போட்டதில் உள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் வேலை செய்யாது. அது இருந்தால் கார்டு சென்னையில் கிடக்கும் வாரங்களில் பழைய வைஸ் சிட்டியாவது ஓடும், காலேஜ் அசைன்மெண்ட்டும் நிற்காது.